கத்திரி வெயிலில் ஒரு தேடல்: நல்ல ஏ.சி. மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் ரீஸ்டார்ட் செய்து பார் என்று சொல்வோம். ஏ.சி.க்கும் அதையேதான் சொன்னேன். "அம்மா, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு." அம்மா போட்டார். "ஓடுதுப்பா. ஆனா காத்து சூடாத்தான் வருது" என்றார்.

இது நடந்தது 2023 மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில். நான் சென்னையில் ஆபீசில் இருந்தேன். எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம். அப்பா நெசவாளர். இரண்டு மாதத்திற்கு முன்புதான் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்திருந்தது. வெக்கையில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பின்கட்டில் இருக்கும் சின்ன அறையில் ஒரு டன் ஸ்பிளிட் ஏ.சி. போட்டிருந்தோம். அன்று மாலைக்குள் ஆள் வந்தாக வேண்டும். கையில் லேப்டாப், இன்டர்நெட். இது ஒரு பெரிய வேலையா என்று தேட ஆரம்பித்தேன். சரியான ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்று அப்போது தெரியாது.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே தருகிறேன். நீங்கள் இருப்பது கும்பகோணமாக இருந்தாலும், காரைக்குடியாக இருந்தாலும் இவை பயன்படும்.

முதல் தவறு: முதலில் வந்த நம்பர்

ஏ.சி. கம்பெனியின் பெயர், கஸ்டமர் கேர், காஞ்சிபுரம் என்று டைப் செய்து என்டர் தட்டினேன். ஸ்கிரீனில் முதலில் வந்த நம்பருக்கு போன் செய்தேன். ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், கம்ப்ளெயின்ட் ரிஜிஸ்டர் பண்ண பத்து ரூபாய் மட்டும் கட்டணும். ஒரு லிங்க் அனுப்புறேன், அதுல இருக்கிற ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்றார். இன்ஸ்டால் பட்டனை அழுத்தும் நேரத்தில்தான் அதன் பெயரைக் கவனித்தேன். அது நம் மொபைல் ஸ்கிரீனை வேறொருவர் பார்க்க உதவும் சாஃப்ட்வேர்! நான் ஓ.டி.பி.யையும் பின் நம்பரையும் தட்டுவதை அந்தப் பக்கம் இருப்பவர் அப்படியே பார்க்கலாம். உடனே போனை வைத்துவிட்டேன்.

நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். ஆபீசில் மற்றவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவன். அப்பா வெக்கையில் கிடக்கிறார் என்ற அவசரத்தில் எனக்கே கண் மறைத்துவிட்டது. மோசடி செய்பவர்கள் நம்புவது நம்முடைய அறியாமையை அல்ல, நம்முடைய அவசரத்தை.

நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்:

1. கம்பெனியின் உண்மையான நம்பர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஏ.சி.யின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், வாரன்டி கார்டு, வாங்கிய பில் ஆகியவற்றைப் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியின் சொந்த வெப்சைட் முகவரியை நீங்களே டைப் செய்து பாருங்கள்.

2. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். "ரீஃபண்ட் தருகிறோம், பின் போடுங்கள்" என்றால் அது மோசடி.

3. ஏமாந்துவிட்டால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இது சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இரண்டாவது தவறு: வேகமாக வந்தவர்

அடுத்து, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றைத் திறந்து எங்கள் பின்கோடைக் கொடுத்தேன். "உங்கள் பகுதியில் சேவை இல்லை" என்று வந்தது. பிறகு முகவரிகளைத் தொகுத்துத் தரும் ஒரு வெப்சைட்டில் என் மொபைல் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஆறு பேர் போன் செய்தார்கள்! காரணம் எளிமையானது. இதுபோன்ற இடங்களில் நீங்கள் கேட்கும் ஒரு விசாரணை, பணம் கட்டிய பல பேருக்கு ஒரே நேரத்தில் போகும். யார் முந்துகிறாரோ அவருக்கு வேலை. இங்கே போட்டி வேகத்தில்தான், வேலையின் தரத்தில் அல்ல.

முந்தியவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கேஜை மாட்டிப் பார்த்தார். "கேஸ் இல்ல. ஃபுல்லா ஏத்தணும். மூவாயிரத்து இருநூறு ஆகும்" என்றார். நான் போனிலேயே சரி என்று சொல்லிப் பணத்தையும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அறை ஜில்லென்று ஆனது. அப்பா தூங்கினார். எனக்கு நிம்மதி.

பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் அம்மாவின் போன். "காத்து சூடா வருதுப்பா." அந்த மெக்கானிக்கின் நம்பருக்குப் பல முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பில் வாங்காததால் கையில் ஆதாரமும் இல்லை.

கேஸ் எங்கே போனது?

அன்று இரவு உட்கார்ந்து ஏ.சி. வேலை செய்யும் விதத்தைப் படித்தேன். படித்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இந்தச் சுமை தூக்கும் வேலையைச் செய்வதுதான் நாம் கேஸ் என்று சொல்லும் ரெஃப்ரிஜரன்ட். உள்ளே இருக்கும் காயிலில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வழியாகப் புகுந்து, அழுத்தம் குறைந்து, மீண்டும் உள்ளே வருகிறது. புரோகிராமில் முடிவில்லாத லூப் போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

கவனியுங்கள். இது மூடிய லூப். கேஸ் என்பது பைக்கில் போடும் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, புரோகிராமில் உள்ள தவற்றைத் திருத்தாமல் சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்வதற்குச் சமம். மீண்டும் நின்றே தீரும். இதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து அதையேதான் செய்திருந்தேன்.

முறையாகச் செய்யும் மெக்கானிக் என்ன செய்வார்? முதலில் குழாயில் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். அதைச் சரிசெய்வார். பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். கடைசியாகத்தான் கேஸ். அதுவும் தோராயமாக அல்ல. யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். அதைத் தராசில் எடை பார்த்து ஏற்றுவார்.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். பழைய ஏ.சி.களில் ஆர்-22 இருக்கும். இது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியாகப் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. அடுத்து வந்தது ஆர்-410ஏ. இப்போது வீட்டு ஏ.சி.களில் பரவலாக இருப்பது ஆர்-32. இது ஆர்-22-ஐ விட அதிக அழுத்தத்தில் வேலை செய்யும். ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உண்டு. எனவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றக் கூடாது. உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்கவும் கூடாது.

சரியான சர்ச் என்ஜின் காந்தி ரோட்டில்

அந்த சனிக்கிழமை காலை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். இந்த முறை லேப்டாப்பைத் திறக்கவில்லை. வேறு மாதிரி யோசித்தேன். இந்த ஊரில் ஏ.சி. நின்றால் வியாபாரமே நிற்கும் இடங்கள் எவை? பட்டு ஜவுளிக் கடைகள், கல்யாண மண்டபங்கள், லாட்ஜ்கள், ஸ்கேன் சென்டர்கள். முகூர்த்த நாளில் கடைக்குள் புழுங்கினால் புடவை எடுக்க வந்த கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஒரு மெக்கானிக் அங்கே வருடக்கணக்கில் நிலைத்திருக்கிறார் என்றால் அதுவே அவருக்கு சர்டிஃபிகேட்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் வாசலில் நின்றிருந்த காவலாளியிடம் கேட்டேன். "உங்க கடை ஏ.சி.யை யாருண்ணா பாக்குறது?" அவர் யோசிக்கவே இல்லை. "அவரா? எட்டு வருஷமா அவர்தான் வர்றாரு. எழுதிக்கோ தம்பி" என்று நம்பரைச் சொன்னார். உறுதி செய்துகொள்ள, காமராஜர் வீதியில் ஒரு லாட்ஜிலும் விசாரித்தேன். அவர்களும் அதே ஆளைத்தான் சொன்னார்கள். இரண்டு தனித்தனி இடங்கள் ஒரே பெயரைச் சொன்னால் அது ஐந்து நட்சத்திர ரெவ்யூக்களை விட மேல்.

போன் செய்தேன். அவர் உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டார். "எந்த வருஷம் வாங்கினது தம்பி? என்ன கேஸுன்னு லேபிள்ல பாருங்க. வெளி யூனிட்ல ஃபேன் சுத்துதா? காயில்ல ஐஸ் கட்டுதா? ஒரு போட்டோ அனுப்புங்க." எனக்குப் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது. நல்ல சாஃப்ட்வேர் ஆளும் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னால் கேள்விதான் கேட்பார். அவர் ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் படித்தவர் என்பது பிறகு பேசும்போது தெரிந்தது.

மதியம் நைட்ரஜன் சிலிண்டரோடு வந்தார். நுரை தடவிய ஐந்தாவது நிமிடத்தில் வெளி யூனிட்டின் நட் இணைப்பில் குமிழ் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாயின் நுனியை வெட்டி, புதிதாக விரித்து முடுக்கி, மறுபடியும் சோதித்தார். அரை மணி நேரம் வேக்யூம் ஓடியது. பிறகு தராசில் எடை பார்த்து கேஸ். பில்லோடு 2,600 ரூபாய். முதல் ஆளுக்குக் கொடுத்ததை விடக் குறைவு!

தறியில் உட்கார முடியாமல் கட்டிலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகச் சொன்னார். "பாவுல இழை அறுந்தா, அறுந்த இடத்தைத் தேடிப் புடிச்சு முடி போடணும். தேடாம மேல மேல நெய்தா பொடவை பூரா கோடு விழும். முதல்ல வந்தவன் தேடவே இல்ல." நான் ஒரு இரவு முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கிளம்பும் முன் மெக்கானிக் முன்கூடத்துத் தறியைப் பார்த்து, "இந்த ரூமுக்கும் ஒண்ணு போட்டுடலாமா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். "வேணாம். ஏ.சி. காத்துல ஈரம் போயிடும். பட்டு இழை காஞ்சா பட்டுபட்டுன்னு அறும். குழித்தறியில கால் குழிக்குள்ள இருக்கு, மண்ணு குளிர்ச்சி போதும்." மெக்கானிக் வற்புறுத்தவில்லை. "அப்ப வேணாம்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஏ.சி. விற்கும் வாய்ப்பை விட்டுவிட்டுப் போகிறவரை நம்பலாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

போன் செய்யும் முன் நீங்களே பாருங்கள்

சில நேரம் மெக்கானிக்கே தேவைப்படாது. இவற்றை வரிசையாகச் சோதியுங்கள்:

1. ரிமோட்டில் கூல் மோடில் இருக்கிறதா? ஃபேன் மோடில் இருந்தால் வெறும் காற்றுதான் வரும்.

2. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசு அடைத்திருந்தால் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது. தறி ஓடும் வீடுகளில் நூல் துகளும் சேரும்.

3. வெளி யூனிட்டுக்கு முன்னால் எதையாவது சாத்தி வைத்திருக்கிறீர்களா? சூடான காற்று வெளியேற இடம் வேண்டும்.

4. வெளி யூனிட் ஃபேன் சுற்றுகிறதா? சுற்றவில்லையென்றால் கெப்பாசிட்டர் அல்லது சர்க்யூட் போர்டு கோளாறாக இருக்கலாம். பல்லி புகுந்து போர்டு ஷார்ட் ஆவது நம் ஊரில் சகஜம். ஆனால் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

5. ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஏ.சி. பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாகக் குறையில்லை. "கேஸ் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது இந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும்.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* வந்து பார்க்க எவ்வளவு கட்டணம்? வேலை கொடுத்தால் அதைக் கழிப்பீர்களா?
* கேஸ் குறைவு என்றால் லீக் எங்கே என்று காட்டுவீர்களா?
* நைட்ரஜன், வேக்யூம் பம்ப், தராசு மூன்றும் கொண்டு வருவீர்களா?
* மாற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா?
* எத்தனை நாள் கியாரண்டி? பில்லில் எழுதித் தருவீர்களா?

வாரன்டி காலம் முடியாத ஏ.சி.யை வெளியாட்களிடம் கொடுக்காதீர்கள். வாரன்டி போய்விடலாம். வருட ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், அதில் பாகங்களும் கேஸும் சேர்த்தியா, அல்லது வேலைக் கூலி மட்டுமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வேலை முடிந்து, காற்று குளிர்ந்த பிறகு கொடுங்கள். பில் இருந்தும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எங்கள் தெருவின் டேட்டாபேஸ்

கடைசியாக, கம்ப்யூட்டர் எங்கே பயன்பட்டது என்று சொல்லவில்லையே!

எங்கள் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஊரில் இருப்பது வயதான அப்பா அம்மா மட்டும். என்னைப் போல எல்லோரும் சனிக்கிழமை பஸ் ஏறி வர முடியாது. அதனால் ஆன்லைனில் ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்தேன். ஏ.சி., ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் என்று நான்கு ஷீட். ஒவ்வொன்றிலும் இந்த காலம்கள்: தேதி, மெக்கானிக் பெயர், என்ன கோளாறு, என்ன செய்தார், வாங்கிய பணம், பில் போட்டோ, முப்பது நாள் கழித்து நிலை.

கடைசி காலம்தான் உயிர். நாம் ரெவ்யூ எழுதுவது வேலை முடிந்த அன்று. அன்றைக்கு எல்லா ஏ.சி.யும் ஜில்லென்றுதான் இருக்கும்! முதலில் வந்தவருக்கு அன்று இரவு நானும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். முப்பதாம் நாள்தான் உண்மை தெரியும்.

இரண்டு விதிகள் வைத்தோம். மெக்கானிக்கின் அனுமதி கேட்காமல் அவர் நம்பரைப் போடக் கூடாது. பில் இல்லாமல் யாரைப் பற்றியும் குறை எழுதக் கூடாது. லிங்க்கைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பகிர்ந்தோம். போன் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு பிரிண்ட் எடுத்து, தெருமுனை மளிகைக் கடையில் ஒட்டியிருக்கிறோம்.

அப்பா அந்த ஆடியிலேயே தறிக்குத் திரும்பினார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மதியம் பின்கட்டு அறையில், 26 டிகிரியில், மின்விசிறியும் ஓட, ஒரு தூக்கம். பட்டியலில் எங்கள் வீட்டு வரியில், முப்பது நாள் காலத்தில் அம்மாவே டைப் செய்த இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன: "ஜில்லுன்னு இருக்கு."

உங்கள் தெருவுக்கும் இப்படி ஒன்றைத் தொடங்குங்கள். ஒரு மாலை நேரம் போதும். அடுத்த கத்திரி வருவதற்குள் செய்துவிடுங்கள்!